பத்தியில் இல்லாதது

தென்னைக்கு உப்பு நல்லது என்று எனக்குத் தெரியும். நான் உருப்படாமல் போனதே அதனால்தான்.

கடலோரத்துத் தென்னைகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி கொடுத்திருந்தார்கள். கீழே ஒரு வாக்கியம்: 'உப்பு, தென்னையின் காய்ப்பைக் கூட்டுகிறது.' சரியா, தவறா, சொல்லப்படவில்லையா, மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். எங்கள் தோப்பில் ஒவ்வொரு மரத்து மூட்டிலும் வேரோரமாக அப்பா உப்பு கொண்டு வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். யோசிக்கவே இல்லை, 'சரி' என்று குறித்தேன்.

"பாசேஜ்ல எங்க இருக்கு சிஸ்டர், காட்டுங்க" என்றார் ஆன்றோ சார்.

"பாசேஜ்ல இல்ல சார். எங்க தோப்புல இருக்கு."

கோச்சிங் வகுப்பே சிரித்தது. எல்லாம் நேற்று நர்சிங் முடித்து வந்த பிள்ளைகள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வெளியே மாடிப்படிக்கு வந்து துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

என் பெயர் லில்லி புஷ்பம். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் சீனியர் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வில் கேட்பது, எழுதுவது, பேசுவது எல்லாம் எனக்குத் தேறிவிட்டது. ரீடிங் மட்டும் ஐந்து முறை எழுதியும் ஆறரையைத் தாண்டவில்லை. ஏழு வேண்டும். அரை மார்க்தானே, அடுத்த முறை வந்துவிடும் என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த அரை மார்க்கில் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

உயிர் என்றால் என் மகள் அக்சா. தலசீமியா என்ற நோயோடு பிறந்தவள். அவள் உடம்புக்கு நல்ல ரத்தம் ஊறவைக்கத் தெரியாது. சில வாரங்களுக்கு ஒரு முறை யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிய ரத்தத்தின் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக இதயத்தில் படியும். படிந்து படிந்து ஒரு நாள் இதயம் கைவிட்டுவிடும். நான் போக நினைத்த நாட்டில் இதை ஒரே தடவையில் தீர்க்கிற மரபணு சிகிச்சை வந்திருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு இலவசம். ஆனால் பிள்ளைக்குப் பதினாறு வயது ஆவதற்குள் நேரில் போய்ப் பதிந்துவிட வேண்டும். அக்சாவுக்கு வருகிற நவம்பரில் பதினாறு. அவளுடைய அப்பாவைப் பற்றி இங்கே பேச்சில்லை. எடுத்தால் எனக்கு வாய் கெட்டுப்போகும்.

அவளுக்கு எப்போது ரத்தம் ஏற்ற வேண்டும் என்று லேப் எனக்குச் சொன்னதில்லை. நான்தான் லேபுக்குச் சொல்வேன். தலை சீவும்போது அவள் வாய்க்குள் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால், ரத்த அளவு ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. எங்களுடையது மாடி வீடு. படி திரும்புகிற இடத்தில் நின்று தலைக் கிளிப்பைக் கழற்றி மாட்டினால், மூச்சு வாங்குகிறது, அதை மறைக்கிறாள். தோசை வேண்டாம், கஞ்சி போதும் என்பாள். செருப்பு மாட்டும்போது சுவரில் கை வைத்தாள் என்றால் எட்டுக்குக் கீழே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "எட்டு இல்ல சிஸ்டர், ஏழு புள்ளி எட்டு" என்று லேபில் சிரிப்பார்கள்.

கேட்டால் மட்டும், "நல்லா இருக்கேன்மா" என்பாள். கள்ளி. ஊசிக்குப் பயம், லீவு போடப் பயம், என்னை அலைய வைக்கிறோமே என்று அதற்கும் ஒரு பயம். அதனால் நான் அவளிடம் கேட்பதே இல்லை. பெற்றவளுக்குத் தெரியாததா?

ஆன்றோ சார் ஊரையே வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் நாகர்கோவில் செட்டிகுளத்திலேயே உட்கார்ந்திருக்கும் மனிதர். கெட்டவர் இல்லை. வகுப்பு சிரித்த அன்று எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சிஸ்டர், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாம இல்ல. மத்த எல்லாம் தெரிஞ்சு போச்சு, அதான் கேடு. இந்தப் பிள்ளையளுக்கு ஒரு எளவும் தெரியாது. பாசேஜ்ல இருக்கத மட்டும் பாக்கும், குறிக்கும், பிளேன் ஏறிப் போயிரும்."

"தெரிஞ்சத எப்படி சார் தெரியாம ஆக்க?"

அவர் அலமாரியைத் திறந்து ஒரு பட்டையை எடுத்தார். காதுக்கு மேலே சுற்றிக் கட்டுகிற மாதிரி, விரல் அகலத்தில், சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இதக் கட்டிக்கிட்டுப் படிக்கணும். ஒண்ண வாசிக்கும்போது மண்டைக்குள்ள வேற எங்கயோ கெடக்கது எல்லாம் ஓடி வந்து அதுல ஒட்டிக்கிடும்லா? உப்புன்னு வாசிச்சா உங்க அப்பா வருவாரு, தோப்பு வரும். இது ஒட்ட விடாது. சின்னதா ஒரு கரண்டு. வலி கெடையாது."

"எல்லாம் மறந்திருமா சார்?"

"மறக்காது. கேட்டா டான்னு சொல்லுவீங்க. கேக்காம தானா வராது, அவ்வளவுதான்."

"பரீட்சை ஹால்ல இத விடுவாவளா?"

"விட மாட்டாவ. அதான் முன்கூட்டியே போட்டுப் பழகணும். தடம் பதிஞ்சிட்டுன்னா பட்டை இல்லாமலே மண்டை அந்த வழியில போவும்."

"பொறவு பழையபடி ஆயிரும்லா?"

ஆன்றோ சார் பட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "இதுவரைக்கும் போட்டவிய ஒருத்தரும் வந்து கம்ப்ளெயின்ட் பண்ணல சிஸ்டர்."

ஆகிவிடும் என்று எடுத்துக்கொண்டேன். சம்மதப் பத்திரம் என்று இரண்டு பக்கம் கொடுத்தார். வாசித்தேன். முகவாதம் வந்து வாய் கோணிப்போனவர்கள் மூன்று மாதத்தில் நேராகச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். நரம்பு மெல்லத் திரும்பி வரும், எனக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்டேன்.

டூட்டி முடிந்ததும் தினமும் போய்ப் பட்டையைக் கட்டிக்கொண்டேன். முதல் நாளே ஆன்றோ சார் அந்தத் தென்னைப் பத்தியைத் திரும்பக் கொடுத்தார். வாசித்தேன். கடல் இருந்தது, மணல் இருந்தது, மரம் இருந்தது. உப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. சொல்லப்படவில்லை என்று குறித்தேன். அப்பா வரவில்லை, தோப்பு வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு லேசான காரியத்துக்கா இத்தனை தடவை செத்துச் செத்துப் பிழைத்தோம்! அன்றைக்குப் பழம்பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மாதிரித் தேர்வுகளில் ஏழு வந்தது, ஏழரை வந்தது. ஒரு கட்டத்தில் பட்டை இல்லாமலே வந்தது. வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள்.

வீட்டிலும் ஒன்றிரண்டு நடந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்ததை நான் நின்று பார்த்தேன். துணியெல்லாம் கொடியில் கிடந்தது. மழை வந்து நனைத்தது. கீழ்வீட்டு அக்கா, "வானத்தப் பாத்துக்கிட்டுத்தான நின்ன பிள்ளே, எடுக்கப்பிடாதா?" என்று கேட்டபோது, ஆமாம், எடுத்திருக்கலாமே என்று தோன்றியது. பரீட்சைக் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வார்டில் நடந்தது. ஏழாம் கட்டிலில் சூசை என்று ஒருவர், குளச்சலில் மீன் பிடிக்கிறவர், குடலில் ஆபரேஷன் ஆனவர். சாயங்காலம் போய், "எப்படி இருக்கியீய அண்ணே?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றார். அவர் விரல்கள் போர்வையின் ஓரத்தை நுள்ளிக்கொண்டே இருந்தன. நெற்றியில் வேர்வை இருந்தது. நாடித் துடிப்பு காலையில் எண்பத்தாறு, மதியம் தொண்ணூற்று நான்கு, இப்போது நூற்றுநான்கு. எல்லாவற்றையும் சார்ட்டில் எழுதினேன். 'நோயாளி குறை எதுவும் சொல்லவில்லை' என்றும் எழுதினேன். அடுத்த டூட்டிக்கு வந்த மெர்சிபாய் அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள், அடுத்த நிமிடம் டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினாள். உள்ளே தையல் விட்டு விஷம் பரவிக்கொண்டிருந்தது. ஐசியூவில் போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

மெர்சி அக்கா என்னைச் சாமான் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"எட்டி, இத்தன வருசமா நீ மோந்து பாத்துச் சொல்லித்தான் டாக்டரே ஓடி வருவாரு. இன்னிக்கு எல்லாத்தையும் முத்து முத்தா எழுதி வச்சிட்டு நிக்கியே!"

"அவரு ஒண்ணுமில்லன்னு சொன்னாரு அக்கா."

"ஆம்பிளைய சொல்லத்தான் செய்வானுவ. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

"எந்தப் பானை அக்கா?" என்றேன்.

கேலிக்குக் கேட்கவில்லை. எந்தப் பானை என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். மெர்சி அக்கா கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டதால் பட்டையைப் பற்றிச் சொன்னேன்.

"ஒருத்தரும் கம்ப்ளெயின்ட் பண்ணலன்னு சொன்னாரா? எப்படிட்டி பண்ணுவாளுவ? காணாமப் போனது என்னன்னு தெரிஞ்சாத்தான தேடி வருவா?" என்றாள்.

அவள் சொன்ன பிறகு அது எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

அக்சா மாடிப்படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுவரில் சாய்ந்திருந்தது.

"என்ன மக்களே, இங்கன இருக்க?"

"ஏற முடியலம்மா."

"ஏன்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு நாளா சுவரப் பிடிச்சிட்டு நிக்கேன். உன் முன்னால வந்து வந்து நின்னேன். நீ ஒண்ணும் சொல்லல."

"நீ சொல்லலியே மக்களே."

"நான் எப்பம்மா சொல்லியிருக்கேன்?" என்று கேட்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆறு புள்ளி ஒன்பது. "என்ன சிஸ்டர், நீங்களா இவ்வளவு விட்டீங்க?" என்று லேபில் கேட்டார்கள். இந்தப் பதினைந்து வருடத்தில் அவளுக்கு அந்த எண் வந்து நான் பார்த்ததில்லை. பிள்ளையை நானே கொல்லப் பார்த்தேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன்.

ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும்போது கைப்பையிலிருந்து சம்மதப் பத்திரத்தின் நகலை எடுத்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். வலி இருக்காது என்று இருந்தது. ஞாபகம் அழியாது என்று இருந்தது. பழையபடி திரும்பும் என்று எங்கேயும் இல்லை. திரும்பாது என்றும் இல்லை. அதைப் பற்றி ஒன்றுமே சொல்லப்படவில்லை. கையெழுத்துப் போட்ட அன்று 'திரும்பும்' என்பதை நானாக வாசித்திருக்கிறேன், முகவாதக்காரர்களை நினைத்துக்கொண்டு. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பத்தியைச் சரியாக வாசித்தது ரத்தம் இறங்கிய அந்த நேரத்தில்தான்.

"பட்டையத் தூக்கி எறி. இப்ப நிறுத்தினா மிச்சமாவது நிக்கும்" என்றாள் டூட்டிக்கு நடுவே ஓடி வந்த மெர்சி அக்கா.

தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நிறுத்தினால் பழைய ஆறரை. போட்டால் தேறுவேன். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கண் திரும்பி வந்தது என்றே வைத்துக்கொள்வோம். உதட்டைப் பார்க்கலாம், நடையைப் பார்க்கலாம், மாதாமாதம் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். இதயத்தில் படிகிற இரும்பை எந்தக் கண்ணால் பார்க்க? பார்த்துத்தான் என்ன செய்ய? இந்தப் பக்கம் போனாலும் பிள்ளை, அந்தப் பக்கம் போனாலும் பிள்ளை. கர்த்தரே, இதற்குப் பதில் நீர் குறித்துத் தரக்கூடாதா என்று கேட்டேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்சாதான் என் கையைப் பிடித்தாள்.

"பரீட்சை எழுதும்மா."

"எனக்கு உன்னப் பாத்தா தெரிய மாட்டேங்கு மக்களே."

"நான் சொல்லிருகேன். தினமும் சொல்லுகேன். நீ நான் சொல்லத நம்பினா போதும்."

"நம்புவேன்."

"அப்ப எழுது."

அந்த வாரம் முழுக்க லீவு போட்டு, வகுப்பில் உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டேன். காலையில் கட்டியதைச் சாயங்காலம்தான் கழற்றினேன்.

தேர்வு திருவனந்தபுரத்தில். முதல் பத்தி மண்பாண்டங்களைப் பற்றி. இரண்டாவது வௌவால்களைப் பற்றி. மூன்றாவது, ரத்தசோகை உள்ள குழந்தைகளைப் பற்றி. எந்த நாட்டில் எத்தனை குழந்தைகள், என்ன உணவு, என்ன மாத்திரை என்று இருந்தது. கேள்விகளில் ஒன்று: 'இந்தக் குழந்தைகள் தங்கள் களைப்பைப் பெற்றோரிடமிருந்து மறைக்கிறார்கள்.' நான் பத்தியைத் திரும்பப் பார்த்தேன். மறைப்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சொல்லப்படவில்லை என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

எட்டு வந்தது. ஆன்றோ சார் லட்டு கொடுத்தார். செட்டிகுளம் ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் வைத்தார். அதில் என் படம் இருந்தது, படத்துக்குக் கீழே பெரிதாக எட்டு இருந்தது.

வேலை கிடைத்தது. விசா வந்தது. அங்கே பதிவுக்கு ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாள் தவறினால் வேறு நாள் கிடையாது, அதற்குள் அவளுக்குப் பதினாறு ஆகிவிடும். அக்சா சொன்னபடி தினமும் காலையில் சொன்னாள். "இன்னிக்குப் பரவாயில்லம்மா." "இன்னிக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகு, நாளைக்கு ஏத்திருவோம்." அவள் சொன்ன அன்று கூட்டிக்கொண்டு போய் ரத்தம் ஏற்றினேன். எங்கள் ஏற்பாடு நன்றாக நடந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

டிக்கெட் ஒரு வாரம் தள்ளிப் போனது, அதற்குள் அடுத்த ரத்தம் ஏற்றுகிற நாள் நெருங்கிவிட்டது. போன முறை ரத்தம் ஏற்றியபோது அவளுக்குக் குளிர்ஜுரம் வந்து நான்கு நாள் படுத்திருந்தாள். டாக்டர் சொன்னார்: "இப்ப ஏத்தி மறுபடி காய்ச்சல் வந்தா பிளேன்ல விட மாட்டாங்க சிஸ்டர். பிள்ளை தெம்பா இருந்தா அங்க போய் ஏத்திக்கிடலாம். கொஞ்சம் தளர்ந்தாலும் பயணத்த நிறுத்திருங்க." பயணத்துக்குத் தகுதி என்று சர்டிபிகேட் எழுதித் தந்தார். அக்சா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "தெம்பா இருக்கேன் டாக்டர்" என்றாள்.

கிளம்புகிற அன்று காலையில் அவள் தலை சீவினாள். அறை அமைதியாக இருந்தது. தோசை சுட்டேன். கஞ்சி போதும் என்றாள். கொடுத்தேன்.

திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் மெர்சி அக்கா போனில் கூப்பிட்டாள். அவளுக்கு டூட்டி, வர முடியவில்லை.

"பிள்ளை எப்படிட்டி இருக்கா?"

"நல்லா இருக்கா அக்கா."

"நீ பாத்துச் சொல்லுகியா, அவ சொன்னதச் சொல்லுகியா?"

"அவ சொன்னா."

"போன அவகிட்டக் குடு" என்றாள். கொடுத்தேன். அக்சா சிரித்துக்கொண்டே, "நல்லா இருக்கேன் பெரியம்மா, சத்தியமா. நீங்க அழாதீங்க" என்றாள். போனைத் திருப்பித் தந்தபோது அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

உள்ளே கவுண்டரில் இருந்த பெண் எங்கள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். அக்சாவைப் பார்த்தாள். "சேச்சி, மோளுக்கு வீல்சேர் வேணுமா?" என்று கேட்டாள். ஏன் கேட்கிறாள் என்று சொல்லவில்லை. நான் அக்சாவைப் பார்த்தேன். "வேண்டாம் அக்கா, நல்லா இருக்கேன்" என்றாள் அக்சா. நான் சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டினேன். தகுதி என்று அதில் எழுதியிருந்தது.

சோதனை செய்கிற இடத்தில் பக்கிள் வைத்த செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி, தட்டில் வைத்து, அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டோம். அக்சா சுவரில் கை வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். இடது காலை மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வலது காலை மாட்டினாள். மேலே போகிற படியில் பாதியில் நின்று தலைக் கிளிப்பைக் கழற்றி மாட்டினாள். நான் பையோடு காத்திருந்தேன்.

"நல்லா இருக்கியா மக்களே?"

"நல்லா இருக்கேன்மா."

விமானத்தில் அவளுக்கு ஜன்னலோர இடம். ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். பெட்டிகளை மேலே வைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு இன்னும் திறந்திருந்தது. அக்சா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? முன்னாடி எல்லாம் நான் சொல்லாமலே உனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டதும் எல்லாம் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அதா? தலை சீவும்போது நீ பாடுவ. பாட்டு நின்னுட்டுன்னா ஒம்பதுன்னு வச்சுக்கிடுவேன். தோசை வேண்டாம் கஞ்சி போதும்பே, அது ஒண்ணு. படியில நின்னு கிளிப்பக் கழத்தி மாட்டுவ, நான் கண்டுபிடிக்க மாட்டேன்னு உனக்கு நினைப்பு. விரல் சில்லுன்னு ஆயிரும். செருப்பு மாட்டும்போது சுவரப் பிடிச்சேன்னா எட்டுக்குக் கீழ, அன்னிக்கே தூக்கிட்டு ஓடிருவேன்" என்றேன்.

ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன்.

அக்சா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இன்னிக்கு?" என்றாள்.

"இன்னிக்கு எதுக்கு அதெல்லாம்? இப்பதான் நீயே சொல்லிருகியே. நல்லா இருக்கல்லா?"

அவள் உதடு அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது.

"நல்லா இருக்கேன்மா."

சரி என்று அவள் பெல்ட்டைப் போட்டுவிட்டேன். முன்னால் கதவைச் சாத்தினார்கள். அக்சா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை.